ரெயிலரைக் கொழுவுகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் இன்னொருவர்

யாழ்ப்பாணத்தில் நாவற்குழிப் பக்கம் கட்டடச் சாமான் இறக்குகிற ஒரு யார்டில் கணக்கு எழுதுவது என் வேலை. மேசைக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ரெயிலர்கள், அதாவது பின்னால் கொழுவி இழுக்கிற எஞ்சினில்லாத வண்டிகள், நிறுத்துகிற வளவு. கொழும்புத் துறைமுகத்திலிருந்து ஏ-9 நெடுஞ்சாலை வழியே வருகிற கொன்டெய்னர்கள் பெரும்பாலும் விடியப்புறம் வந்து சேரும். தரைக்குப் பதிக்கிற ஓடு, குளியலறைச் சாமான், பலகை, இப்படி ஏதாவது இருக்கும். சாமானோடு ரெயிலரைக் கழற்றி விட்டுவிட்டு, ஏற்கெனவே இறக்கி முடிந்த இன்னொரு ரெயிலரைக் கொழுவிக்கொண்டு பிரைம் மூவர், அதாவது எஞ்சினும் கபினும் உள்ள இழுவை வண்டி, திரும்பிப் போகும். என்னிடம் இருப்பது மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் மட்டும்தான். ஆனாலும் வருசக்கணக்காக ஒரே வேலையை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தால், செய்கிறவர்கள் கவனிக்காத ஒன்றிரண்டு கண்ணில் படத்தான் செய்யும். எனக்குப் பட்டது இது: எங்கள் பக்கத்தில் ரெயிலரைக் கொழுவுகிறவர் கிளீனர், வண்டியை ஓட்டுகிறவர் றைவர். கிளீனர் பார்த்திருப்பார் என்று றைவரும், றைவருக்குத் தெரியும்தானே என்று கிளீனரும் நினைத்துக்கொண்டு கேற்றைத் தாண்டுகிறார்கள்.

தெரியாதவர்களுக்கு முதலில் இரும்பைச் சொல்லிவிடுகிறேன். பிரைம் மூவரின் பின் சில்லுகளுக்கு மேலே ஒரு கனத்த தட்டு இருக்கும். பின்பக்கம் சரிவாக இறங்கி, நடுவில் பிளந்திருக்கும். ஃபிஃப்த் வீல் என்பது அதன் பெயர். யார்டில் வெறுமனே தட்டு என்போம். ரெயிலரின் முன்பக்க அடியில் கீழ்நோக்கி ஒரு உருக்கு முளை நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் கிங்பின். வழக்கமாக இரண்டு அங்குல விட்டம், கணக்காகச் சொன்னால் 50.8 மில்லிமீட்டர். அந்தப் பின்னுக்கு நடுவில் ஒடுங்கிய கழுத்தும், அடியில் அகன்ற விளிம்பும் உண்டு. பிரைம் மூவர் பின்னுக்கு வர, கிங்பின் அந்தப் பிளவுக்குள் நுழையும், தட்டுக்குள் இருக்கிற தாடை அதன் கழுத்தைச் சுற்றி மூடிக்கொள்ளும். 20 அடிக் கொன்டெய்னர் ஒன்றுக்கு வழக்கமான உச்ச எடை 30,480 கிலோ. அவ்வளவையும் ஆனையிறவு தாண்டி இழுத்துக்கொண்டு வருவது அந்தக் கழுத்துத்தான். தேய்ந்து 49 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அந்தப் பின்னை மாற்றவேண்டும். கலிப்பர் வைத்து அதை அளக்கிற ஆளை நான் அதிகம் கண்டதில்லை.

சரக்கையும் எஞ்சினையும் தனித்தனியாக்கிய இந்த யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1914இல் டெட்ரொயிட்டில் ஓகஸ்ட் ஃபுரூஹோஃப் என்ற கொல்லர், ஒரு மரவியாபாரியின் படகை இழுப்பதற்காக ஃபோர்ட் மொடல் டீ காருக்குப் பின்னால் கொழுவ ஒரு வண்டி செய்து கொடுத்தார். படகுக்குச் செய்தது நல்லாய் வேலை செய்ததைக் கண்டு, அந்த வியாபாரி பலகை ஏற்றவும் அதேபோல் கேட்டாராம். கொழுவிக் கழற்றலாம் என்பதால் ஒரு எஞ்சினுக்குப் பல ரெயிலர்கள் போதும், ஒன்று இறங்கும்போது மற்றது ஓடும். முதலாளிமாருக்கு இலாபம் அங்கேதான். ஆபத்தும் அதே இடத்தில்தான், ஏனென்றால் ஒவ்வொரு முறை கழற்றிக் கொழுவும்போதும் அந்த முப்பது தொன் புதிதாக நம் கைக்கு வருகிறது.

எங்கள் யார்டில் மூத்த றைவர் ஒருவர் இருக்கிறார். கட்டாரில் பல வருசம் ரெயிலர் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவர். அவரை விட வயது கூடினவர்களும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணை கொழுவுவதைப் பார்க்கிறபோது முதலில் பொறுமை போய்விடும். ரெயிலருக்கு நேராக வண்டியை எடுத்து, இரண்டு பக்கக் கண்ணாடியிலும் ரெயிலரின் ஓரம் ஒரே அளவாகத் தெரிகிறவரை முன்னும் பின்னுமாக ஆடி, பின்னுக்கு வந்து, தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்பாட்டுவார். ஹாண்ட் பிறேக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்க் குனிவார். ரெயிலரின் பிறேக் போட்டிருக்கிறதா, சில்லுக்குக் கட்டை வைத்திருக்கிறதா, கழற்றி விட்ட ரெயிலரின் முன்பக்கத்தைத் தாங்குகிற கால்கள் நேராக நிற்கின்றனவா, ரெயிலரின் அடித்தகடு என்ன உயரத்தில் இருக்கிறது, இதெல்லாம் பார்ப்பார். அப்புறம் திரும்ப ஏறுவார். அதற்குள் மற்ற றைவர்கள் கொழுவி முடித்து, தேத்தண்ணியும் குடித்து முடித்திருப்பார்கள்.

உயரத்தைப் பார்ப்பதில்தான் பாதி விசயம் இருக்கிறது. தட்டின் சரிவு ரெயிலரின் அடித்தகட்டில் தொட்டு, அதைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். ரெயிலர் அளவுக்கு மீறிப் பதிந்திருந்தால் பிரைம் மூவர் அதன் நெற்றியில் இடிக்கும், இல்லாவிட்டால் கால்களோடு சேர்த்துப் பின்னுக்குத் தள்ளும். அது சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கிற பிழை, எல்லோரும் ஓடிவருவார்கள். உயர்ந்திருந்தால்தான் மோசம். கழுத்து வரவேண்டிய மட்டத்துக்குப் பின்னின் அடி விளிம்பு வரும், அல்லது பின் முழுவதும் தாடைக்கு மேலேயே நின்றுவிடும். தாடை ‘டக்’ என்று மூடும். மூடினது உண்மை. பிடிக்கவேண்டியதைப் பிடிக்கவில்லை என்பது அந்தச் சத்தத்தில் தெரியாது. கதவைச் சாத்தின சத்தம் கேட்டதும் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது என்று நினைத்துப் படுப்பது மாதிரி.

புதிதாகச் சேர்ந்த கிளீனர் பெடியன் ஒருவனோடு அண்ணை கதைத்தது என் ஜன்னலுக்குக் கேட்டது.

“கொழுவிட்டுது அண்ணை!”

“என்னெண்டு தெரியும்?”

“டக்கெண்டு கேட்டது.”

“கேட்டதை விடு. கண்டனியோ?”

பெடியன் பேசாமல் நின்றான். அண்ணை இறங்கி வந்து, அவன் கையில் ரோச்சைக் கொடுத்து, ரெயிலருக்குக் கீழே குனிய வைத்தார். “தட்டுக்கும் தகட்டுக்கும் நடுவிலை வெளிச்சம் தெரியுதோ? தெரியக்கூடாது. இப்ப பின்னாலை வந்து உள்ளுக்கை அடி. தாடை கழுத்தைச் சுத்திப் பிடிச்சிருக்கோ? கைப்பிடி முழுசா உள்ளை போயிருக்கோ?” அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசியில், தாடையைப் பூட்டுகிற அந்தக் கைப்பிடி திரும்ப வெளியே வராமல் மாட்டுகிற கிளிப்பை அவனைக் கொண்டே போட வைத்தார். கைப்பிடி முழுதாகப் போயிருக்காவிட்டால் அந்தக் கிளிப் அதன் ஓட்டைக்கு நேரே வராது. வராத கிளிப்பைத் தட்டித் தட்டி மாட்டுகிறவர்களையும், கம்பியால் கட்டிவிட்டுப் போகிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன். பூட்டு விழவில்லை என்று வண்டியே சொல்கிற இடம் அது.

இழுத்துப் பார்ப்பது இதற்குமுன் செய்கிற வேலை. ரெயிலரின் பிறேக் பிடித்திருக்க, சின்னக் கியரில் பிரைம் மூவரை முன்னுக்கு மெதுவாக ஒரு இழுவை, விட்டு இன்னொரு இழுவை. எங்கள் றைவர்மார் இதை விடாமல் செய்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அரைகுறையாக மாட்டின கிங்பின்னும் ஒரு மெல்லிய இழுவைக்குத் தாக்குப்பிடித்து நிற்கக்கூடும், வளைவிலோ குழியிலோதான் கையை விடும். இழுத்துப் பார்த்த பிறகு குனிந்தும் பார்க்கவேண்டும். ஒன்றைச் செய்ததற்காக மற்றதை விடமுடியாது.

வாடகைக்கு வந்த ஒரு வண்டிக்கு எங்கள் கேற்றடியிலேயே இது நடந்தது. கிளீனர் கையைக் காட்டினார், றைவர் இழுத்தார், கால்களைத் தூக்கிக் கட்டினார்கள், புறப்பட்டார்கள். தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் ரெயிலரின் முன்பக்கம் தட்டிலிருந்து வழுகிப் பின்னால் விழுந்தது. எயர் ஹோஸ் இழுபட்டு அறுந்து, ரெயிலரின் பிறேக் தானாகப் பிடித்து, அது விழுந்த இடத்திலேயே நின்றது. நல்லகாலம் அது வெறும் ரெயிலர், அந்த நேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தெருவில் இல்லை. பிறகு போய்த் தட்டைப் பார்த்தேன். மேலே கறுப்புக் கிறீஸ் படையாக இருந்தது. நடுவில், தாடைக்கு மேலாக, விரல் அகலத்துக்கு வெள்ளி மாதிரி மினுங்குகிற ஒரு புதுக் கீறல். கிங்பின் தாடைக்குள் இறங்கவே இல்லை, மேலால் வந்து மேலாலேயே போயிருக்கிறது. அந்தக் கீறல் விழுகிறபோது ஒருவர் குனிந்திருந்தால் இரண்டு நிமிசத்தில் தீருகிற விசயம். றைவர் கிளீனரைப் பேசினார், கிளீனர் “நீங்கள்தானே இழுத்துப் பாத்தனீங்கள்” என்றார். இரண்டு பேரும் சொன்னது சரி.

கிறீஸ் என்றதும் ஒரு இடைச்செருகல். தட்டுக்குக் கிறீஸ் பூசாமல் விட்டால் ஸ்டியரிங் இறுகும், தட்டும் தேயும். பூசி, அதன்மேல் எங்கள் ஊர் மணல் வந்து ஒட்டிக்கொண்டால் அரத்தால் தேய்க்கிற வேலைதான் நடக்கும். பழசை வழித்து எடுத்துவிட்டுப் புதுசு போடவேண்டும். பழசின்மேல் புதுசை அப்புவதுதான் வழக்கமாக இருக்கிறது.

இனி காற்றுக்கு வருகிறேன். ஆளைக் கொல்லுகிற பிழை இங்கேதான் இருக்கிறது. பிரைம் மூவரிலிருந்து ரெயிலருக்கு இரண்டு எயர் ஹோஸ் போகும். சிவப்பு, ரெயிலருக்குக் காற்றை ஊட்டுகிற குழாய். மஞ்சள், றைவர் பிறேக்கை மிதிக்கும்போது செய்தி கொண்டுபோகிற குழாய். சில வண்டிகளில் மஞ்சளுக்குப் பதில் நீலம். எங்கள் வெயிலில் கொஞ்சக் காலம் காய்ந்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்தான். கழற்றி நிற்கிற ரெயிலரில் சிவப்பு ஹோஸ் இல்லை, அதனால் பிறேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சிவப்பைக் கொழுவின உடனே காற்று உள்ளே போகும், அந்தப் பிடி விடும். ரெயிலரின் பார்க்கிங் பிறேக்கைத் தனியாகப் போட்டிருக்காவிட்டால், பிரைம் மூவரின் ஹாண்ட் பிறேக்கும் போடாமல் இருந்தால், அந்தக் கணத்தில் இந்த முழு வண்டியையும் பிடித்துவைக்க ஒன்றுமே இல்லை. அப்போது கிளீனர் நிற்பது கபினுக்கும் ரெயிலருக்கும் நடுவில். றைவரும் இறங்கி நின்றால் ஆசனத்திலும் ஆள் இல்லை. உருளத் தொடங்கிய வண்டியில் பாய்ந்து ஏறப்போய் நசுங்கினவர்களின் கதை உலகம் முழுக்க இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் மலையா இருக்கிறது உருள என்று கேட்பார்கள். என்னையும் கேட்டிருக்கிறார்கள். மலை இல்லைத்தான். ஆனால் மாரி வெள்ளம் வடிந்தோட வேண்டும் என்று ஒவ்வொரு யார்டிலும் சீமெந்துத் தரையைக் கேற்றுப் பக்கமாகச் சரித்துத்தான் போடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு முப்பது தொன்னுக்குத் தாராளமாகக் காணும். கண்டிப் பக்கத்து மலை றோட்டில் ஓடுகிறவர் ஹாண்ட் பிறேக்கை மறக்கமாட்டார். மட்டமான ஊரில் ஓடுகிறவருக்குத்தான் அது மறந்துபோகிறது.

அதனால் அண்ணைக்கு ஒரே சட்டம். ஹோஸைத் தொடுவதற்கு முன் ஹாண்ட் பிறேக், எஞ்சின் நிற்பாட்டு, சாவி சட்டைப்பைக்குள். பிறகுதான் ஆள் நடுவில் போகலாம். வண்டி பின்னுக்கு வருகிறபோது நடுவில் நின்று “வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்” என்று கத்துகிற பழக்கத்தை அவர் அடியோடு நிறுத்திவிட்டார். கிளீனர் றைவரின் கண்ணாடியில் தெரிகிற இடத்தில், பக்கவாட்டில் தள்ளி நிற்கவேண்டும். கண்ணாடியில் ஆள் மறைந்தால் வண்டி நிற்கும். மீன் ஏற்றுகிற குளிர் ரெயிலர்களில் முன்பக்கம் குளிரூட்டி துருத்திக்கொண்டிருப்பதால், கொழுவின பிறகு ஹோஸ் மாட்ட இடம் போதாமல் வரும். அப்போது கொஞ்சம் முன்னாலேயே நிற்பாட்டி, ஹோஸை முதலே மாட்டிவிட்டுத்தான் பின்னுக்குப் போகவேண்டும். சிவப்பு மாட்டியாகிவிட்டது, ஆகவே ரெயிலரைப் பிடிப்பது அதன் பார்க்கிங் பிறேக் மட்டும்தான். அந்த நேரங்களில் அண்ணை அந்த பிறேக் பட்டனைத் தானே போய்ப் பார்ப்பார், கிளீனரிடம் கேட்கமாட்டார்.

ஹோஸ் இரண்டையும் மாறி மாட்டினால் என்ன நடக்கும் என்று கேட்டேன். புது ரெயிலர் என்றால் அசையவே அசையாது. அதன் பிறேக்கைப் பிடித்திருப்பது ஸ்பிரிங், விடுவிப்பதுதான் காற்று. சிவப்பில் வரவேண்டிய காற்று வராவிட்டால் ஸ்பிரிங் விடாது, றைவர் இறங்கிப் பார்த்துத் திருத்துவார். ஸ்பிரிங் பிறேக் இல்லாத பழைய ரெயிலர் என்றால் ஓடும். ரெயிலரில் பிறேக் இல்லாமலே ஓடும். அதே பழைய ரெயிலரைக் கழற்றி விட்டால் அதைப் பிடித்துவைப்பது அதன் தாங்கியில் மிஞ்சிய காற்று மட்டும்தான். இரவு முழுக்க அது மெல்ல மெல்லக் கசிந்து விடியும்போது பிறேக் கழன்றிருக்கும். சில்லுக்குக் கட்டை வைப்பது இதற்காகத்தான். கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள். கல் புரளும், ஆப்பு மாதிரிச் சரிவாக வெட்டின கட்டை புரளாது.

எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டின ஊர் இது. இல்லாததை வைத்து இருப்பதுபோல் ஓட்டத் தெரிந்தவர்கள். அந்தத் திறமைமேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அதே கை எயர் ஹோஸின் றப்பர் வாசருக்குப் பதில் பழைய ரியூப்பை வெட்டிப் போடுகிறது, கிளிப்புக்குப் பதில் கம்பி கட்டுகிறது. மண்ணெண்ணெய்க் கார் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம்.

கொழுவுகிற வேலை ஏன் கிளீனரின் தலையில் விழுந்தது என்று யோசித்தால், அதற்கும் அந்தப் போர்க்காலமே காரணம் என்று எனக்குப் படுகிறது. 2002இல் ஏ-9 திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடினார்கள், 2009க்குப் பிறகுதான் பாதை நிலையாகத் திறந்தது. அதற்கு முந்திய நீண்ட காலம் குடாநாட்டுக்குச் சாமான் பெரும்பாலும் கப்பலில்தான் வந்தது. பெரிய ரெயிலர் ஓட்டி ஒரு தலைமுறை பழகவில்லை. பழகினது உழவு மிசினும் அதன் பின்னால் கொழுவுகிற பெட்டியும். பெட்டி கொழுவுவது றைவருக்கு வேலையே இல்லை. மிசினில் இருந்தபடி பின்னுக்கு எடுப்பார், பக்கத்தில் நிற்கிற பெடியன் பெட்டியின் ஏர்க்காலைத் தூக்கி ஓட்டையில் பின்னைப் போடுவான். பின் போட்டது இரண்டு பேருக்கும் கண்ணுக்கு நேரே தெரியும். அந்தப் பழக்கத்தை அப்படியே நாற்பது அடி ரெயிலருக்குக் கொண்டுவந்துவிட்டோம். இங்கே கிங்பின் இருட்டுக்குள் இருக்கிறது. பெரிய ரெயிலர் ஓட்டுவதற்கென்றே தனி லைசன்ஸ் வகுப்பு இருக்கிறது. கிளீனருக்கு அது இல்லை, சம்பளமும் பாதி.

கழற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், எங்கள் யார்டுக்கு அதுதான் பெரிய தலையிடி. ஒழுங்கு இதுதான்: ரெயிலர் பிறேக்கைப் போட்டு, கால்களை இறக்கி, ஹோஸும் லைற் வயரும் கழற்றி, கிளிப்பை எடுத்து, கைப்பிடியை இழுத்து, பிறகு மெதுவாக முன்னுக்கு. ஹோஸ் கழற்ற மறந்தால் அறுந்துபோகும், அது காசோடு போகிற நட்டம். காலை ஒழுங்காக இறக்காவிட்டால் ரெயிலரே போகும். கால் கைப்பிடிக்கு இரண்டு கியர் உண்டு, வெறுமனே இறக்க வேகமானது, பாரத்தோடு தூக்க மெதுவானது. பாரத்தோடு சுழற்றும்போது கையை விட்டால் கைப்பிடி திருப்பி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் இளகியிருக்கும். சீமெந்துத் தரையில் இடம் இல்லை என்று உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டத்து மண் மாதிரியான தரையில் விட்டால் ஒரு கால் இறங்கிவிடும், ரெயிலர் சாயும். காலுக்கு அடியில் தடித்த பனம்பலகை போட்டால் பாரம் பரவும். மழைக்காலத்தில் பலகை போட்டாலும் மறுநாள் உயரம் மாறித்தான் இருக்கும். அதனால் கொழுவ வருகிறவர் நேற்றைய உயரத்தை நம்பிப் பின்னுக்கு வரக்கூடாது.

அதிகம் பேர் யோசிக்காத ஒன்று, இறக்கும்போது வருவது. கால்கள் ரெயிலரின் நுனியில் இல்லை, கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் இருக்கும். கொன்டெய்னரின் கதவு பின்பக்கம், ஆகவே ஆட்கள் பின்னாலிருந்துதான் ஓட்டுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு வருவார்கள். பின்பக்கம் வெறுமையாக, முன்பக்கம் தொன் கணக்கில் ஓடு. பிரைம் மூவர் போய்விட்டது என்றால் மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. கால்களுக்கு முன்னால் இருக்கிற பாரம் பின்பாரத்தை வென்றால் ரெயிலர் மூக்குக்குத்தி விழும், உள்ளே ஆட்கள் நிற்கிறபோதே. 20 அடிக் கொன்டெய்னரை நீள ரெயிலரின் முன்பக்கம் வைத்திருந்தால் இது இன்னும் மோசம். எங்கள் வளவில் ஒருமுறை கால்களின் பின்பக்கம் தரையை விட்டுக் கிளம்புவதைக் கண்டு, அண்ணை கத்தி எல்லோரையும் வெளியே எடுத்தார். அன்றைக்கே முதலாளியிடம் போய் மூக்குக்குக் கீழே வைக்க இரும்பு முட்டு வேண்டும் என்றார். முதலாளி விலை கேட்டார், முகம் சுருங்கியது, ஆனாலும் செய்வித்தார்.

இப்போது அந்த முட்டுகள் வளவில் கிடக்கின்றன. ரெயிலரைக் கழற்றினதும் கிளீனர் அதை உருட்டிக்கொண்டு போய் மூக்குக்குக் கீழே நிறுத்துவார். அதை றைவரும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் சாமான் ஒப்படைத்த சிட்டையில் கையெழுத்து வைக்கவேண்டும் என்று முதலாளியைக் கொண்டு ஒரு ஒழுங்கு போட வைத்தேன். கொழுவிப் போகும்போதும் அப்படித்தான், பின்னை ரோச் அடித்துப் பார்த்தவர் என்று இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். கபினில் இருந்தபடி கையை நீட்டிச் சிட்டையைக் கேட்கிற றைவர்மார் இருக்கிறார்கள். ஜன்னலால் நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், இறங்காவிட்டால் சிட்டையைக் கொடுப்பதில்லை. போன கிழமையும் ஒருவர் கொழும்புக்கு நேரம் போகிறது என்று சத்தம் போட்டார், பிறகு இறங்கினார்.